பவுடர் டப்பாவும் ஒற்றைச் சாவியும்

ரத்தினம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்டால் எங்கள் தெருவில் எல்லோரும் ஆயா வேலை என்பார்கள். அவர் அப்படிச் சொல்ல மாட்டார். "டாக்டரம்மா கைக்கு நான்தான் பொறுப்பு" என்பார். பெருமைக்காகச் சொல்கிறார் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த வேலை என்னவென்று விவரமாகக் கேட்ட பிறகு, அவர் சொன்னதில் பெரிய பொய் இல்லை என்று தெரிந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிற டாக்டர் ஒருவர்தான். கௌரியம்மாள் என்று பெயர். அவருக்கு மிகச் சின்னக் கை, பள்ளிக்கூடப் பிள்ளையின் கை போல இருக்கும். அறுவை முடிந்து அவர் கழற்றிப் போட்ட ரப்பர் கிளவுஸை ரத்தினம்மாள் எடுத்துக் கழுவுவார். ஒவ்வொன்றையும் வாயருகே பிடித்துக் காற்றடைத்து, தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார். குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது. கிழிந்துபோன பழைய கிளவுஸிலிருந்து வெட்டிய துண்டைப் பசை போட்டு அங்கே ஒட்டுவார். பிறகு நிழலில் உலர்த்தி, உள்ளும் புறமும் பவுடர் தடவி, இடது வலது ஜோடி சேர்த்துத் துணியில் சுற்றி, டிரம்மில் அடுக்கி ஆவியில் வேகவைப்பார்.

அறுவை நாளன்று டாக்டரம்மா கை கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பி, இரண்டு கைகளையும் ஒன்றும் சொல்லாமல் நீட்டுவார். அந்தக் கைகளில் பவுடரைத் தூவுவது ரத்தினம்மாள்தான். பவுடர் இல்லாமல் கிளவுஸ் ஏறாது. அந்த ஒரு நிமிஷத்தில் நர்ஸ்கள்கூடச் சற்று விலகி நிற்பார்கள். ரத்தினம்மாள் வாழ்க்கையில் யாரும் விலகி நின்ற இடம் அது ஒன்றுதான். வீட்டில் தறி இருந்தது. கணவர் தணிகாசலம் நெய்தார், மாமனார் இருந்தவரை அவர் சொன்னதுதான் சட்டம். குழாயடியில் முந்தி வந்தவர்தான் முதலில் பிடிக்க வேண்டும். பவுடர் டப்பாவைக் கையில் பிடித்தபோது மட்டும் அவருக்கு முந்தி யாரும் இல்லை.

சுலோச்சனாவை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனதும் அவர்தான். சுலோச்சனா அவருடைய ஓரகத்தி. தணிகாசலத்தின் தம்பி கண்ணையனுக்கு அரக்கோணத்தில் ரயில் பாதை போடும் தினக்கூலி வேலை. அது சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. ஒரே சுவரின் இந்தப் பக்கம் மூத்தவர் குடும்பம், அந்தப் பக்கம் இளையவர் குடும்பம். இளையவர் வீட்டு அடுப்பு எரியாத நாள் சுவருக்கு இந்தப் பக்கமே தெரிந்துவிடும். ரத்தினம்மாள் டாக்டரம்மாவிடம் பேசி, வார்டில் பெருக்கித் துடைக்கிற தற்காலிக வேலையை வாங்கிக் கொடுத்தார். "நான் கையப் புடிச்சு இட்டாந்தவ" என்று அதன் பிறகு பல முறை சொல்லியிருக்கிறார். முதலில் பாசமாகச் சொன்னார்.

மரப்பெட்டிகள் வந்தது எழுபத்தைந்தாம் வருஷம் கோடையில். வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளில் உபயோகித்தது போக மிஞ்சுகிற சாமான்களைச் சேர்த்து ஏழை நாடுகளுக்கு அனுப்பும் ஒரு சங்கம் இருந்ததாம். டாக்டரம்மாவோடு படித்த ஒருவர் அந்த நாட்டில் இருந்து ஏற்பாடு செய்திருந்தார். மெட்ராஸ் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய பெட்டிகளைப் பார்க்க ஆஸ்பத்திரி முழுவதும் வெளியே வந்து நின்றது. நடக்க முடிந்த நோயாளிகளும் வந்தார்கள். காவல்காரர் வேடியப்பன் கடப்பாரையால் மூடியை நெம்பினார்.

பச்சை நிறத்தில் அங்கிகள் இருந்தன. காகித உறையில் ஒட்டிய ஊசிகளும், தையல் நூலும், பாட்டில் மருந்து ஏற்றுகிற குழாய்களும் இருந்தன. அடியில் கனத்த கம்பளிகள், அதற்கும் அடியில் முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறைகள். வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்த நாள் அது. வேடியப்பன் ஒரு காலுறையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதப் போட்டுகினு மலையேறினா முருகனே எழுந்து ஓடிடுவான்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பெட்டியைத் திறந்ததும் ரத்தினம்மாள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அதில் முழுக்கக் கிளவுஸ். ஒவ்வொரு ஜோடியும் தனித்தனிக் காகித உறையில், பவுடர் தடவியே வந்திருந்தது.

"கிழிச்சு எடுத்து மாட்டிக்க வேண்டியதுதான். வேலை முடிஞ்சா தூக்கிப் போட்டுடலாம்" என்றார் டாக்டரம்மா.

"தூக்கிப் போடறதா? கழுவ வேணாங்களா?" என்று கேட்டார் ரத்தினம்மாள்.

"வேணாம் ரத்தினம்மா. இனிமே உனக்கு அந்தக் கஷ்டம் இல்ல."

டாக்டரம்மா அதை நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார். கேட்டவருக்கு அது வேறு மாதிரி விழுந்தது. தன் வேலையைக் கஷ்டம் என்று ஒருவர் சொல்லி ரத்தினம்மாள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெட்டிகளின் மேல் இங்கிலீஷில் எழுதியிருந்தது. நர்ஸ்களுக்கு நேரம் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற வேறு யாராவது இருக்கிறார்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, பின்வரிசையில் துடைப்பத்தோடு நின்ற சுலோச்சனா கையைத் தூக்கினார். பள்ளிப்பட்டில் எட்டாவது வரை படித்தவர். உறையைத் திருப்பி அளவு எண்ணையும் பெயரையும் மெதுவாக, தப்பில்லாமல் படித்தார். அன்று சாயங்காலமே சாமான்களை ஓர் அறையில் அடுக்கி, புதுப் பூட்டுப் போட்டு, சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டார் டாக்டரம்மா. பூட்டுக்கு ஒரே சாவி. மற்றொன்று இருந்தால் நாலு கைக்குப் போகும் என்று டாக்டரம்மாவே வேண்டாமென்றுவிட்டார். நன்றாக நடத்தினால் ஆடிக் கிருத்திகை கழிந்ததும் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். சுலோச்சனா அங்கேயே மலையைப் பார்த்துக் கும்பிட்டு, வேலை நிரந்தரமானால் பூக்காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிறகு, சாமிக்குக் கடன் வைக்கக் கூடாது, வேலை நிரந்தரமாகும் முன்னாலேயே இந்தக் கிருத்திகைக்கு எடுத்துவிடுகிறேன் என்று மாற்றிக்கொண்டார்.

அதே வாரத்தில் ரத்தினம்மாளுக்கும் ஒரு செய்தி வந்தது. ஆபரேஷன் தியேட்டரில் இனிக் கழுவிக் காய்ச்சும் வேலை குறைவு என்பதால், கிருத்திகைக்குப் பிறகு அவரை வார்டுத் துணி வெளுக்கும் பக்கம் மாற்றலாம் என்று பேச்சு. சம்பளம் அதேதான். தியேட்டர் கதவுக்கு உள்ளே இருந்தவர் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த அறுவையின்போது அவர் பவுடர் டப்பாவோடு போய் நின்றார். டாக்டரம்மா கை துடைத்துத் திரும்பினார். கைகள் ரத்தினம்மாள் பக்கம் வரவில்லை. சுலோச்சனா ஓர் உறையைக் கிழித்து நர்ஸிடம் காட்டினார், நர்ஸ் எடுத்துக் கொடுத்தார், டாக்டரம்மா மாட்டிக்கொண்டார். காகிதம் கிழிந்த சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ரத்தினம்மாள் டப்பாவின் மூடியைத் திறந்து பிடித்தபடியே நின்றுவிட்டு, பிறகு மூடினார்.

அதிலிருந்து சுலோச்சனா எது செய்தாலும் அவருக்கு எரிந்தது. சாவியை வெள்ளிச் சாவிக்கொத்து போல இடுப்பில் வெளியே தெரியச் செருகியிருப்பது எரிந்தது. சுலோச்சனா இப்போதெல்லாம் புடவை மடிப்பைத் தடவிவிட்டுக்கொண்டு நடப்பது எரிந்தது. சுலோச்சனா வீட்டில் அரிசி போட்டுவைக்க வெளிநாட்டு அட்டைப்பெட்டி வந்ததும், அதன் மேல் சிவப்பில் எழுதியிருந்ததும், அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் படித்துப் பார்த்ததும் எரிந்தன. சுலோச்சனா ஒரு பெட்டியை இவருக்கும் கொண்டுவந்து கொடுத்தார். ரத்தினம்மாள் அதில் கோழியை அடைத்தார்.

எங்கள் தெருக் குப்பம்மாள் குழாயடியில் சும்மா இருக்கிறவர் இல்லை.

"இன்னா ரத்தினம்மா, உன் ஓரகத்தி இடுப்புல சாவி ஆடுது, உன் இடுப்புல கொடந்தான் ஆடுது."

"ஆடட்டும். சாவி துருப்புடிக்கும். பித்தளக் கொடம் துருப்புடிக்குமா?"

"கொடத்துக்கு ஒடுக்கு வுழும்மா" என்றார் குப்பம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரத்தினம்மாள் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

தறியில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் குடத்தைப் பார்த்தார்.

"உனக்குக் கோவம் அந்த வெளிநாட்டுக்காரன் மேலயா, என் தம்பி பொண்டாட்டி மேலயா? அதச் சொல்லிட்டுத் தண்ணி எடு."

"ரெண்டு பேர் மேலயும்."

"அவன் தூரமா கீறான். இவ சுவருக்கு அந்தாண்ட கீறா. அதனால இவளுக்குத்தான் ஜாஸ்தி வுழுது."

ரத்தினம்மாள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். பழைய ரப்பர் கிளவுஸை மட்டும் அவர் விடவில்லை. யாரும் கேட்காமலே வாரா வாரம் எடுத்துக் காற்றடைத்துப் பார்த்து, பவுடர் தடவி, டிரம்மில் அடுக்கி வேகவைத்தார். "எதுக்கும்மா இது?" என்று நர்ஸ் கேட்டபோது, "இருக்கட்டும். பெட்டி தீந்தா இன்னா செய்வீங்க?" என்றார். பெட்டி தீர வேண்டும் என்பதுதான் அப்போது அவருடைய பிரார்த்தனை. அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதில் அவர் அறியாத ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெட்டியில் வந்தது அந்த நாட்டில் மிஞ்சிய சரக்கு. மிஞ்சியது பெரும்பாலும் பெரிய அளவு. டாக்டரம்மாவின் கைக்குச் சரியான சின்ன அளவு கொஞ்சந்தான் கலந்து வந்திருந்தது. சுலோச்சனா அதைப் பொறுக்கி முன்னால் வைத்து எடுத்துக் கொடுத்துவந்தார். தீரப்போகிறது என்று டாக்டரம்மாவிடம் ஒருமுறை சொல்லவும் சொன்னார். கிருத்திகை கழியட்டும், பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

ஆடிக் கிருத்திகை அன்று திருத்தணியில் ரோடு தெரியாது, தலைதான் தெரியும். சித்தூர்ப் பக்கமிருந்தும் திருப்பதிப் பக்கமிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். ஆஸ்பத்திரிக்கும் அதுதான் பெரிய நாள். படியில் வழுக்கி விழுந்தவர்கள், கற்பூரத்தில் சுட்டுக்கொண்டவர்கள், வெயிலில் மயங்கினவர்கள் என்று காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தார்கள். சுலோச்சனாவுக்கு அன்று லீவு. முந்தின நாளே அன்றைக்கு வேண்டிய தையல் நூல், ஊசி, குழாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, அறையைப் பூட்டி, காப்புக் கட்டிய கையோடு சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார். கூட்டத்தில் சாவி தொலைந்துவிடக் கூடாது என்று மஞ்சள் புடவைக்கு உள்ளே, பாவாடை நாடாவில் இறுக்கி முடிந்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை.

மத்தியானத்துக்குள் தட்டு காலியாகிவிட்டது. அதன் பிறகு கட்டைவண்டியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மலைக்கு வந்த இடத்தில் வலி எடுத்துவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. தையல் நூல் இல்லை. பாட்டில் ஏற்றக் குழாய் இல்லை. எல்லாம் பூட்டிய அறைக்குள் இருந்தன.

"சாவி எங்க?" என்றார் டாக்டரம்மா.

"மலமேல போவுதுங்க" என்றார் வேடியப்பன்.

பிரசவ அறையில் அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த ரத்தினம்மாளை டாக்டரம்மா கூப்பிட்டார். சுலோச்சனா யாரோடு, எந்த வழியாக ஏறுகிறார் என்று தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான். "ஓடு" என்றார். ரத்தினம்மாள் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினார்.

படிக்கட்டில் ஏறுகிறவர்களோடு ஏற முடியவில்லை. ஓரமாகப் பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினார். ஏறும்போது மனசு இரண்டு பேச்சுப் பேசியதாக அவரே பின்னால் சொன்னார். ஒன்று அந்தப் பெண்ணின் சத்தம். மற்றொன்று, "பாத்தீங்களா டாக்டரம்மா, உங்க சாவிக்காரி லட்சணத்த" என்கிற பேச்சு. நடுவழி மண்டபத்தில் கண்ணையனின் கூட்டம் காவடிகளோடு நின்று பாடிக்கொண்டிருந்தது. சுலோச்சனா நடுவில் நின்றார். சாமந்தியும் அரளியும் வைத்துக் கட்டிய பூக்காவடி அவர் தோளில் இருந்தது. இரண்டு கையும் தண்டில். நெற்றி முழுக்க விபூதி. ரத்தினம்மாளுக்கு அந்த அழகும் எரிந்தது.

"சாவி" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு. "ஒரு பொம்பள உயிருக்குப் போராடிகினு கீறா. சாவியக் குடு."

சுலோச்சனா ஒரு அடி பின்வாங்கினார். "அக்கா, நீ எங்கேருந்து வர? பிரசவ ரூம்புலேருந்தா?"

"ஆங்."

"கிட்ட வராத அக்கா. தீட்டு. காப்புக் கட்டிகீறேன்."

பிரசவத் தீட்டோடு ஒருவர் தொட்டுவிட்டால் காவடி பழுது. இருந்த விரதம் அத்தனையும் வீண். இது அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும்.

"முடிச்சு உள்ள கீது. ஒரே நிமிஷம் நில்லுக்கா. இவர்கிட்டக் காவடிய மாத்திட்டு நானே அவுத்துத் தூக்கிப் போடறேன்" என்றார் சுலோச்சனா. கண்ணையனும் காப்புக் கட்டியவர்தான். அவர் பாட்டை நிறுத்திவிட்டு, "இருங்க அண்ணி, இதோ வந்துட்டேன்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோளைக் கொடுக்க வந்தார்.

அந்த ஒரு நிமிஷம் ரத்தினம்மாள் நிற்கவில்லை. நேரே போய் ஓரகத்தியின் இடுப்பில் கையை விட்டார். முடிச்சு அவிழவில்லை. நாடா நுனியைப் பல்லால் கடித்து அறுத்து, சாவியைப் பிடுங்கினார். காவடி ஒரு பக்கம் சாய்ந்து, பூச்சரம் ஒன்று அறுந்து படியில் விழுந்தது. பாட்டு நின்றுபோயிற்று. சுலோச்சனா சத்தம் போடவில்லை. "வேணும்னே தொட்டியா அக்கா?" என்று மட்டும் கேட்டார். ரத்தினம்மாள் அதற்குள் இறங்க ஆரம்பித்திருந்தார்.

சாவியோடு ஆஸ்பத்திரிக்குள் ஓடியபோது அறைக் கதவு திறந்து கிடந்தது. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது, தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் கிடந்தது. வேடியப்பன் கடப்பாரையில் சாய்ந்து நின்று வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் உடைக்கச் சொன்னாங்க" என்றார். "இந்தக் கூட்டத்துல நீ எப்ப வரப்போறன்னு."

ரத்தினம்மாள் சாவியைக் கையில் மூடிக்கொண்டு நின்றார். அதற்குள் தியேட்டரிலிருந்து குரல் வந்தது. நர்ஸ் உறை உறையாகக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பெரிய அளவு. டாக்டரம்மா ஒன்றை மாட்டிப் பார்த்தார். விரல் நுனிகளில் ரப்பர் தொங்கியது. அதை வைத்துக்கொண்டு நூலைப் பிடிக்க முடியாது. கழற்றி எறிந்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"ரத்தினம்மா, உன் கிளவுஸ் இருக்கா?"

"வேகவெச்சுத் தயாரா கீதுங்க."

கையை மறுபடி கழுவிக்கொண்டு, டிரம்மிலிருந்த பொட்டலத்தை நர்ஸிடம் காட்டினார். டாக்டரம்மா இரண்டு கைகளையும் நீட்டினார். ரத்தினம்மாள் பவுடரைத் தூவினார். நர்ஸ் விலகி நின்றார். இத்தனை நாள் அவர் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் அவசரத்தில் பவுடர் கொஞ்சம் தரையில் சிந்தியது. பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

சுலோச்சனா அன்று மலையேறி முடித்தார். ஆனால் வேண்டுதல் சேரவில்லை, அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டும் என்று சாமியாடின ஒருவர் சொல்லிவிட்டார். இறங்கி வந்ததும் அவர் சுவருக்கு இந்தப் பக்கம் பேசுவதை நிறுத்தினார். குழாயடி இரண்டாகப் பிரிந்தது. அவசரத்துக்குத் தொட்டதைச் சாமி மன்னிக்கும் என்று சிலர். குப்பம்மாள் மற்றக் கட்சி.

"பூட்டுதான் உடைஞ்சு போச்சே. அப்பறம் எதுக்குத் தொட்டா?"

"பூட்ட உடைப்பாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார் ரத்தினம்மாள்.

"கண்ணையன் தோளக் குடுக்க வந்தானே, அது தெரியுமில்ல?"

ரத்தினம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பதிலை நெடுநாள் கழித்து நான் கேட்டபோதுதான் சொன்னார். "புள்ளத்தாச்சி கத்துன சத்தம் காதுல இருந்துச்சு. அது மட்டுந்தான் இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன்."

டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. ஒற்றைச் சாவி வைத்தது என் தப்பு என்றார். ரத்தினம்மாளை வெளுக்கும் பக்கம் மாற்றுகிற பேச்சு நின்றது. பெரிய கிளவுஸும் கம்பளிகளும் அறையில் குவிந்து கிடந்தன. பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்த டாக்டர் ஆண், பெரிய கைக்காரர், சாமான் இல்லாமல் கஷ்டப்படுகிறவர். நமக்கு மிஞ்சினதை அவருக்கு அனுப்புவோம் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். படித்து அடுக்கத் தெரிந்த ஆள் கூடவே வேண்டும் என்று அந்த டாக்டர் கேட்டிருந்தார். சுலோச்சனாவுக்கு அங்கே நிரந்தர வேலை, ஆஸ்பத்திரி காம்பவுண்டிலேயே ஒரு வீடு. பிறந்த ஊர்ப் பக்கம் வேறு.

மூட்டை கட்டச் சொன்னது ரத்தினம்மாளிடம். அவர் கட்டினார். சுலோச்சனா எதிரில் உட்கார்ந்து அளவு எண்ணைப் படித்துப் படித்து நர்ஸிடம் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வண்டியில் ஏற்றும்போது கண்ணையன்தான் சொன்னார்.

"வீட்டுக்கு உள்ளயே கொழா கீதாம் அண்ணி. வரிசையில நிக்க வேண்டியதில்ல."

ரத்தினம்மாள் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். அன்று சாயங்காலம் தணிகாசலம் நெய்துகொண்டே கேட்டார். "இன்னா, பவுடர் டப்பா திரும்பி வந்துச்சே, மூஞ்சி ஏன் இப்பிடி கீது?"

"உள்ளயே கொழாயாம்" என்றார் ரத்தினம்மாள்.

அந்த வருஷம் முழுக்க அவர் பள்ளிப்பட்டு பஸ் வந்தால் எட்டிப் பார்ப்பார். அந்தப் பக்கத்து நோயாளி யார் வந்தாலும் சுற்றி வளைத்துக் கேட்பார். அந்த ஆயாம்மா எப்படி இருக்கிறாள், நர்ஸ் அம்மா என்று கூப்பிடுகிறார்களாமே, உண்மையா. உண்மை என்று தெரிந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குச் சுலோச்சனா திருத்தணிக்கு வந்து மறுபடி பூக்காவடி எடுத்தார். அடிவாரத்தில் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பியபோது பக்கத்தில் மஞ்சள் புடவையோடு ரத்தினம்மாள் நின்றார். கையில் காப்பு. விரதம் இருந்து, பிரசவ அறைப் பக்கமே போகாமல், ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து கிருத்திகை நாளில் அவர் லீவு எடுத்ததே இல்லை.

"தொடலாம் இப்ப. நான் சுத்தமாத்தான் கீறேன்" என்றார்.

சுலோச்சனா படியைப் பார்த்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். விலகவில்லை. கூட்டம் நெருக்கியபோது தண்டின் ஒரு முனையை ரத்தினம்மாள் தாங்கிப் பிடித்துக்கொண்டார். போன வருஷம் நின்ற நடுவழி மண்டபம் வந்ததும் ரத்தினம்மாள் நின்று, கீழே ஆஸ்பத்திரிக் கூரை தெரிகிற பக்கம் பார்த்தார்.

"சாவி?" என்று கேட்டார்.

"டாக்டர்கிட்டக் குடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார் சுலோச்சனா. ஒரு வருஷத்தில் அவர் ரத்தினம்மாளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ம்." கொஞ்சம் ஏறிய பிறகு மறுபடி கீழே பார்த்தார். "இந்நேரம் யார் பவுடர் போடறாளோ."

"யாரோ ஒரு சின்னப் பொண்ணு போடறா. நம்ம ஆஸ்பத்திரி வழியா வரப்ப எட்டிப் பாத்தேன். நல்லாத்தான் போடறா அக்கா, சிந்தாம."

ரத்தினம்மாள் முகம் சுண்டிப்போயிற்று. சுலோச்சனா காவடியைத் தோளில் சரிசெய்துகொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். தண்டின் முனையை விடாமல் ரத்தினம்மாளும் பின்னாலேயே ஏறினார். சீக்கிரம் தரிசனம் முடித்து இறங்க வேண்டும் என்பதுபோல் அவர் காவடியைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளியதாகச் சுலோச்சனா பிறகு எல்லோரிடமும் சொன்னார்.